கண் உலர்வும் தடுமாறும் பார்வையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண் உலர்வு என்றதும் எரிச்சலும் உறுத்தலும்தான் நினைவுக்கு வரும். பார்வையையே அது தடுமாற வைக்கும் என்பது பலருக்குத் தாமதமாகத்தான் தெரியவருகிறது. பவர் ஏறிவிட்டது என்று கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் சொட்டு மருந்தில் தெளிவு கிடைத்தவர்கள் நிறையப் பேர். அதனால் இங்கே எரிச்சலைவிட மங்கலைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம்.

கண் காய்ந்தால் எரியும், சரி. பார்வை ஏன் மங்குகிறது?

வெளிச்சம் முதலில் தொடுவது கருவிழியை (கண்ணின் முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற கார்னியாவை)த்தான் என்று பாடப்புத்தகப் படங்கள் காட்டும். அதற்கும் முன்னால் கண்ணீர்ப் படலம் ஒன்று இருக்கிறது. தடிமன் சுமார் 3 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் மூன்று பங்கு, அவ்வளவுதான். ஆனால் கண்ணின் மொத்தக் குவிதிறனான சுமார் 60 டயாப்டரில் (லென்ஸ் பவரின் அலகு அது) ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, காற்றும் கண்ணீரும் சந்திக்கிற இந்த முன்பரப்பில்தான் கிடைக்கிறது. இந்தப் பரப்பு வழவழப்பாக இருந்தால் எழுத்து கூர்மையாகத் தெரியும். அங்கங்கே கிழிந்து மேடுபள்ளமானால் வெளிச்சம் சிதறும், எழுத்து கலங்கும்.

படலத்தின் அடியில் மியூசின் என்ற வழுவழுப்பான சளிப்பொருள், நடுவில் நீர், மேலே எண்ணெய். நீர் ஆவியாகாமல் காப்பது அந்த எண்ணெய். அது இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் மைபோமியன் சுரப்பிகளிலிருந்து வருகிறது. 17ஆம் நூற்றாண்டில் இவற்றை விவரித்த ஹைன்ரிக் மைபோம் என்ற ஜெர்மானிய மருத்துவரின் பெயர்தான் இது. கண் உலர்வு உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குக் கண்ணீரின் அளவு பிரச்சினை இல்லை. இந்த எண்ணெய் சரியாக வராததுதான் பிரச்சினை. கண்ணீரே குறைவாகச் சுரப்பவர்களும் உண்டு, இரண்டும் சேர்ந்திருப்பவர்களும் உண்டு. எப்படியானாலும் விளைவு ஒன்றே: அடுத்த முறை இமைப்பதற்குள் படலம் கிழிந்துவிடுகிறது.

என் மங்கல் பவர் மாறியதாலா, உலர்வாலா? வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

மங்கலாகத் தெரியும் நேரத்தில் இரண்டு மூன்று முறை நன்றாக இமைத்துப் பாருங்கள். உடனே தெளிந்து, சில நொடிகளில் மறுபடி மங்கினால் கண்ணீர்ப் படலத்தின் மேல்தான் சந்தேகம் வர வேண்டும். கண்ணாடிப் பவர் குறைபாடு இப்படி நொடிக்கு நொடி மாறாது. காலையிலும் மாலையிலும் தூரத்துப் பேருந்தின் ஊர்ப் பெயர் ஒரே அளவு மங்கலாகத்தான் இருக்கும். கண்புரையும் அப்படித்தான், மாதக்கணக்கில் மெல்ல ஏறும், இமைத்தால் விலகாது.

இன்னொரு சோதனை. காலண்டரில் ஒரு தேதியைப் பார்த்தபடி நன்றாக ஒருமுறை இமைத்துவிட்டு, பிறகு இமைக்காமல் மனதுக்குள் எண்ணுங்கள். பத்து எண்ணுவதற்குள் எழுத்து கரைய ஆரம்பித்தால் படலம் சீக்கிரம் உடைகிறது என்று ஊகிக்கலாம். இது ஊகம் மட்டுமே. ஆஸ்பத்திரியில் ஃபுளோரசின் என்ற மஞ்சள் சாயம் இட்டு, நீல வெளிச்சத்தில் படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்று நேரடியாகவே பார்ப்பார்கள். 10 நொடிக்குக் குறைந்தால் சரியில்லை என்பது பொதுவான கணக்கு.

டாக்டர் எழுத்துப் பலகையை வைத்துப் பார்த்துவிட்டு 6/6, எல்லாம் சரி என்கிறார். எனக்கு மட்டும் ஏன் மங்குகிறது?

நீங்கள் பொய் சொல்லவில்லை, டாக்டரும் தவறாகப் பார்க்கவில்லை. பலகையில் ஒரு வரி தெரியவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? இமைக்கிறோம், கண்ணைச் சற்று இடுக்குகிறோம், தெளிந்த அந்த ஒரு நொடியில் படித்துச் சொல்லிவிடுகிறோம். 6/6 வந்துவிடும். ஆனால் ஆபீஸில் எக்செல் தாளையோ நெடுஞ்சாலையையோ பார்க்கும்போது அந்த ஒரு நொடி போதாது, தொடர்ந்து தெளிவு வேண்டும். பலகைச் சோதனை அளப்பது ஒருவரின் சிறந்த கணத்தை. நாம் வாழ்வது மற்றக் கணங்களில்.

ஜப்பானியக் கண் மருத்துவர்கள் இதற்காகவே தனியாக ஒரு சோதனையை உருவாக்கினார்கள். இமைப்பதைக் கட்டுப்படுத்தி, தொடர்ந்து எழுத்துகளைக் காட்டி, நேரம் போகப் போகப் பார்வை எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கும் முறை அது. கண் உலர்வு உள்ளவர்களுக்கு அந்த அளவு கணிசமாக இறங்குவதைக் கண்டார்கள். நம் ஊர் கிளினிக் எல்லாவற்றிலும் அந்தக் கருவி இருக்காது. பரவாயில்லை. “இமைத்தால் தெளிகிறது, சில நொடியில் மங்குகிறது” என்று நீங்கள் சொன்னாலே அனுபவமுள்ள மருத்துவருக்குப் புரிந்துவிடும். “மங்கலா இருக்கு” என்று மட்டும் சொன்னால் பேச்சு பவருக்குப் போய்விடும்.

எனக்குக் கண்ணில் தண்ணீராகக் கொட்டுகிறது. இதைப் போய் உலர்வு என்கிறார்களே?

குழப்பமான விஷயம்தான். கண் பரப்பு காய்ந்து எரிச்சலானதும் மூளை அவசரமாகக் கண்ணீர் அனுப்பச் சொல்கிறது. வெங்காயம் நறுக்கும்போது வருமே, அதே வகைக் கண்ணீர். அளவு அதிகம். ஆனால் எண்ணெயும் மியூசினும் சரியான விகிதத்தில் சேராத நீர் என்பதால் பரப்பில் நிற்காமல் கன்னத்தில் வழிந்துவிடும். வழியும்போதும் பார்வை கலங்கும், வழிந்து முடிந்து காய்ந்த பிறகும் கலங்கும். பைக்கில் போகும்போதும் ஜன்னலோரப் பேருந்துப் பயணத்திலும் இது அதிகம். கண்ணீர் வடிகுழாய் அடைப்பாலும் தண்ணீர் வடியலாம் என்பதால் இடைவிடாமல் வடிந்தால் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கம்ப்யூட்டர் முன்னால் மதியம் மூன்று மணிக்கு மேல் எழுத்தெல்லாம் இரட்டையாகத் தெரிகிறது. என்ன செய்யலாம்?

சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்கு 15 முறை வாக்கில் இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும். இமைப்பதிலும் பாதி அரைகுறைதான். மேல் இமை பாதி வழி வந்து திரும்பிவிடுகிறது. அப்போது கருவிழியின் கீழ்ப்பகுதி ஈரமே படாமல் கிடக்கிறது. சுரப்பியிலிருந்து எண்ணெய் வெளிவருவதும் இமைகள் முழுதாகச் சேரும் அந்த அழுத்தத்தில்தான். ஆக, அரைகுறை இமைப்பால் இரட்டை நஷ்டம். எழுத்தின் ஓரத்தில் நிழல் எழுத்து ஒன்று தெரிவதற்கும் மேடுபள்ளமான இந்தப் பரப்பே பெரும்பாலும் காரணம். உண்மையாகவே இரண்டு தனித்தனி உருவங்கள் தெரிந்தால், ஒரு கண்ணை மூடியதும் ஒன்று மறைந்தால், அது வேறு சங்கதி. தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

செய்ய வேண்டியதில் முதலாவது, திரையின் உயரம். கண்மட்டத்துக்கு மேலே மானிட்டர் இருந்தால் கண் அகலமாகத் திறந்து அதிகப் பரப்பு காயும். பார்வை சற்றுக் கீழ்நோக்கி இருக்கும்படி இறக்கி வையுங்கள். அடுத்தது ஏசி. காற்று நேராக முகத்தில் அடிக்கும் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு எத்தனை சொட்டு மருந்து விட்டாலும் வீண்தான். இருக்கையை மாற்றித் தரச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்பதில் தவறே இல்லை. அப்புறம், 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் 20 நொடி பார்க்கச் சொல்வார்கள். அந்த 20 நொடியில் இமைகளை மென்மையாக முழுவதும் மூடி, ஒரு நொடி நிறுத்தி, திறப்பதை நாலைந்து முறை சேர்த்துக்கொள்ளுங்கள். வெறுமனே ஜன்னலைப் பார்ப்பதைவிட இது பலன் தரும்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா?

உலர்வுக்காக என்றால் வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 17 ஆய்வுகளை வைத்து 2023இல் வெளியிட்ட அறிக்கை, கணினியால் வரும் கண் களைப்பை இந்த லென்ஸ்கள் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே சொல்கிறது. அந்தப் பணத்தில் மேசையைச் சரிசெய்யலாம்.

திரை பார்க்காதவர்களுக்கு இது வராதா?

தாராளமாக வரும். உற்றுப் பார்க்கிற வேலை எதுவானாலும் இமைப்பு குறையும். திருப்பூரில் தையல் மெஷின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு உற்றுப் பார்வையோடு பஞ்சுத் தூசியும் சேர்கிறது. விறகடுப்புப் புகை, செங்கல் சூளை, நெல் தூற்றும் களம், எட்டு மணிநேரம் டூவீலரில் சுற்றும் டெலிவரி வேலை எல்லாமே கண்ணைக் காய வைப்பவை. கண் உலர்வு ஐடிக்காரர்களின் நோய் என்ற பேச்சால், இவர்கள் மருந்துக்கடையில் கிடைத்த சொட்டு மருந்தோடு நின்றுவிடுகிறார்கள்.

இரவில் வண்டி ஓட்டும்போது எதிர் விளக்குகள் நட்சத்திரம் மாதிரிச் சிதறுகின்றன. இதுவும் உலர்வா?

இருக்கலாம். இருட்டில் கண்மணி விரிகிறது. பகலில் நடுப்பகுதி வழியாக மட்டும் வந்த வெளிச்சம், இரவில் கருவிழியின் அகலமான பகுதி வழியாக வருகிறது. அந்தப் பரப்பில் படலம் கிழிந்தும் நுண்ணிய காய்ந்த புள்ளிகள் விழுந்தும் இருந்தால், எதிரே வரும் லாரியின் ஹை பீம் ஒவ்வொரு புள்ளியிலும் சிதறும். அதோடு சாலையை உற்றுப் பார்ப்பதால் இமைப்பும் குறைந்து, காரின் ஏசிக் காற்றும் முகத்தில் அடித்தால் கேட்கவே வேண்டாம்.

இமைத்தால் சிதறல் குறைகிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் கண்புரை, சரிசெய்யாத சிலிண்டர் பவர் (கருவிழி எல்லாப் பக்கமும் ஒரே அளவு வளையாததால் வரும் குறை), கீறல் விழுந்த கண்ணாடி, அழுக்கான விண்ட்ஷீல்ட் என்று வேறு பல காரணங்கள் உண்டு. ஏசியின் துளைகளை முகத்திலிருந்து திருப்பி வையுங்கள். பைக்கில் போகிறவர்கள் முழு ஹெல்மெட் அணிந்து வைசரை இறக்கிவிடுங்கள். கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பு நீர்த்த வகைச் சொட்டு மருந்து போட்டுக்கொள்ளலாம். ஜெல் வகையை மட்டும் அப்போது போடாதீர்கள், அதுவே சற்று நேரம் மங்க வைக்கும். பல முறை இமைத்தும் சாலை தெளியவில்லை என்றால் ஓரம் கட்டி நிறுத்துங்கள். இதில் சமாதானமே கிடையாது.

புத்தகம் படிக்கும்போது வரி தவறுகிறது, படித்ததையே திரும்பப் படிக்கிறேன். ஞாபக சக்தி குறைகிறதோ?

ஞாபகத்தைச் சந்தேகிக்கும் முன் கண்ணைப் பாருங்கள். கண் உலர்வு உள்ளவர்கள் நீண்ட நேரம் மௌனமாகப் படிக்கும்போது வேகம் குறைகிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். முதல் பக்கம் சரியாகப் போகும், பத்தாவது பக்கத்தில் இழுக்கும். டிஎன்பிஎஸ்சி, நீட் என்று நாள் முழுக்கப் படிப்பவர்கள் இதைக் கவனக்குறைவு என்றோ தூக்கம் என்றோ நினைத்துத் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். தலைக்கு நேர் மேலே முழு வேகத்தில் சுற்றும் ஃபேனுக்கு அடியில் படிப்பதை முதலில் நிறுத்திப் பாருங்கள்.

எனக்குக் காலையில்தான் மோசம். என் தங்கைக்குச் சாயங்காலம். ஏன் இந்த வித்தியாசம்?

காலையில் கண் திறக்கவே கஷ்டம், இமை ஓரத்தில் பொருக்கு, முதல் அரை மணிநேரம் புகை மூட்டம் என்றால் இமை விளிம்பு அழற்சியும் எண்ணெய்ச் சுரப்பி அடைப்பும் இருக்கலாம். இமை முழுதாக மூடாமல் தூங்குகிறவர்களுக்கும் காலையில்தான் அதிகம் தெரியும். அவர்களுக்கே தெரியாது, வீட்டில் உள்ளவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நாள் போகப் போக மோசமானால் நீர்ச்சுரப்பு குறைவும் அன்றைய வேலையின் தன்மையும் சேர்ந்த விஷயமாக இருக்கும். இது ஒரு பொது வழிகாட்டி, அவ்வளவே. டாக்டரிடம் எந்த நேரத்தில் அதிகம் என்று மறக்காமல் சொல்லுங்கள்.

இரண்டு கடைகளில் பவர் பார்த்தேன், இரண்டும் வேறு வேறு. எந்தக் கடை சரி?

இரண்டுமே சரியாகப் பார்த்திருக்கலாம். கண்ணீர்ப் படலம் நிலையாக இல்லாதபோது, கருவி அளந்த அந்த நொடியில் பரப்பு எப்படி இருந்ததோ அதற்குத் தகுந்த எண்தான் வரும். சிலிண்டர் பவரும் அதன் கோணமும் மாறி மாறி வருவது இதற்கு ஒரு அடையாளம். இப்படி வந்தால் உடனே புதுக் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். உலர்வுக்குச் சில வாரம் சிகிச்சை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷனைத் தள்ளிவைத்து, முதலில் சொட்டு மருந்து போடச் சொல்கிறார்கள். அலைக்கழிக்கிறார்களா?

இல்லை, நல்ல டாக்டர் என்று சந்தோஷப்படுங்கள். உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட, கருவிழியின் வளைவைத் துல்லியமாக அளக்க வேண்டும். அந்த அளவில் 1 டயாப்டர் பிசகினால் ஆபரேஷனுக்குப் பிறகான பவரும் கிட்டத்தட்ட 1 டயாப்டர் பிசகும். காய்ந்த கண்ணில் எடுத்த அளவை நம்ப முடியாது. அதனால் பரப்பைச் சரிசெய்துவிட்டு அளக்கிறார்கள். அளவெடுக்கும் நாளன்று கண்ணில் எதையும் விட்டுக்கொண்டு போகலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகும் சில மாதம் உலர்வு கூடுதலாகவே இருக்கும். கருவிழியில் போடும் வெட்டில் நுண் நரம்புகள் அறுபடுகின்றன. தொடர்ந்து விடும் மருந்துகளில் உள்ள பதப்படுத்தும் பொருளும் பரப்பை உறுத்தும். “லென்ஸ் வச்சும் சரியாத் தெரியலையே” என்று ஆறாவது வாரத்தில் புலம்புகிற பெரியவர்களில் சிலருக்குப் பிரச்சினை லென்ஸில் இருக்காது, கண்ணீரில் இருக்கும். கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்து உதவும் மல்ட்டிஃபோகல் லென்ஸ் வைத்தவர்களுக்கு இந்தச் சின்ன மங்கலும் பெரிதாகத் தெரியும். கூடுதல் பணம் கட்டி அதை வைக்கும் முன் உலர்வு இருக்கிறதா என்று கேட்பது புத்திசாலித்தனம்.

சர்க்கரை இருக்கிறது. பார்வை ஏறி இறங்குகிறது. எதனால்?

சர்க்கரை அளவு ஏறி இறங்கும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸில் நீர்ச்சத்து மாறி, பவரே மாறிவிடும். அந்த மாற்றம் நாள்கணக்கில், வாரக்கணக்கில் நடக்கும். உலர்வின் மாற்றம் நொடிக்கணக்கு. இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம். நீண்ட நாள் சர்க்கரையில் கருவிழியின் உணர்வு நரம்புகளும் மந்தமாகிவிடுவதால், கண் நன்றாகக் காய்ந்திருந்தும் எரிச்சலே தெரியாமல் போகலாம். எரியவில்லை என்பதால் உலர்வு இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். இதற்கெல்லாம் மேல், விழித்திரைப் பரிசோதனையை வருடத்துக்கு ஒருமுறையாவது தவறாமல் செய்துகொள்ளுங்கள். மங்கல் எல்லாம் உலர்வுதான் என்று இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு யாரும் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

50 வயதாகிறது. கண்ணோடு வாயும் காய்கிறது, தண்ணீர் இல்லாமல் இட்லிகூட இறங்கவில்லை. மாதவிடாய் நின்றதாலா?

மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாற்றத்தால் கண் உலர்வு பெண்களுக்கு அதிகமாவது உண்மை. ஆனால் வாயும் சேர்ந்து காய்வது, மூட்டு வலி, காதுக்கு முன்னால் சுரப்பி வீக்கம் என்றால் சோக்ரென் நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய் அது. 1933இல் விரிவாக எழுதிய ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் சோக்ரெனின் பெயரால் அழைக்கப்படுகிறது. ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் உதட்டிலிருந்து சிறு திசு எடுத்துச் சோதனை எனப் போகும். கண் டாக்டரோடு மூட்டு, வாத நோய் மருத்துவரையும் பார்க்க வேண்டியிருக்கும். வீட்டில் “வயசானா அப்படித்தான்” என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள்.

நான் சாப்பிடும் மாத்திரையால் கண் காயுமா?

காயலாம். சளி, அலர்ஜிக்கு எடுக்கும் செட்டிரிசின், அவில் போன்றவை, மன அழுத்தத்துக்கும் நாள்பட்ட வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், நீர் பிரியத் தரும் ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் சில. கண் அழுத்த நோய்க்கு வருடக்கணக்கில் விடும் சொட்டு மருந்துகளில் உள்ள பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தும் பொருளும் ஒரு காரணம். இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், முக்கியமாகக் கண் அழுத்த மருந்தை. மாற்று இருக்கிறதா என்று எழுதித் தந்தவரிடமே கேளுங்கள்.

எந்தச் சொட்டு மருந்து வாங்கலாம்? போட்டதும் இன்னும் மங்குகிறதே?

செயற்கைக் கண்ணீர் என்று கிடைப்பவற்றில் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், ஹைப்ரோமெல்லோஸ், சோடியம் ஹயலூரோனேட் போன்றவை இருக்கும். கெட்டி கூடக் கூட அதிக நேரம் நிற்கும், அதே அளவு பார்வையையும் மறைக்கும். பகலுக்கு நீர்த்த வகை, படுக்கும்போது ஜெல் அல்லது களிம்பு என்று பிரித்துக்கொண்டால் வேலை கெடாது. ஒரு நாளில் நாலு முறைக்கு மேல் தேவைப்பட்டால் பதப்படுத்தும் பொருள் இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நேரத்துக்கு ஒரு சொட்டு போதும். அதுவே கண்ணில் தங்கக்கூடியதைவிட அதிகம். இரண்டு மருந்து இருந்தால் நடுவே ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள். திறந்த பாட்டிலை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று லேபிளில் போட்டிருக்கும். பல மருந்துகளுக்கு ஒரு மாதம்தான்.

இரண்டு வகையிடம் எச்சரிக்கை. கண் சிவப்பை உடனே போக்கும் நாஃபசோலின் வகை மருந்துகள் ரத்தக் குழாயைச் சுருக்குபவை. நிறுத்தியதும் சிவப்பு முன்னைவிட அதிகமாகத் திரும்பும், உலர்வும் தீராது. அடுத்தது ஸ்டீராய்டு சொட்டுகள். “போன தடவை இதுலதான் சரியாச்சு” என்று பழைய சீட்டைக் காட்டி வாங்கிப் போட்டு, கண் அழுத்தம் ஏறிப் பார்வையை இழந்தவர்கள் உண்டு. அழற்சிக்காக டாக்டர் குறுகிய காலத்துக்கு எழுதித் தரலாம், அது வேறு. நீண்ட நாள் சிகிச்சைக்கு சைக்ளோஸ்போரின் சொட்டு தருவார்கள். பலன் தெரியச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். முதலில் எரியும் என்பதால் பலர் பத்து நாளில் நிறுத்திவிடுகிறார்கள்.

வெந்நீர் ஒத்தடம் உண்மையிலேயே உதவுமா?

எண்ணெய்ச் சுரப்பி அடைப்புக்கு நன்றாகவே உதவும். மார்கழியில் பாட்டிலில் உறைந்த தேங்காய் எண்ணெயை வெந்நீரில் வைத்து இளக்குகிறோமே, அதேதான் இங்கும் நடக்கிறது. சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம் வைக்க வேண்டும். துணி ஒரு நிமிடத்துக்குள் ஆறிவிடும் என்பதுதான் இதில் சிக்கல். மறுபடி மறுபடி நனைக்க வேண்டும். பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் விரலால் மென்மையாக நீவி, இமை ஓரத்தைத் துடைத்துவிடுங்கள். கண்ணையே அழுத்தித் தேய்க்கக் கூடாது. முடிந்த பிறகு சில நிமிடம் பார்வை மங்கும், பயப்பட வேண்டாம். இரண்டு நாள் செய்துவிட்டுப் பலனில்லை என்று விடாதீர்கள். மாதக்கணக்கில் உறைந்தது இளகச் சில வாரமாகும்.

கான்டாக்ட் லென்ஸ் போடலாமா? லாசிக் செய்துகொள்ளலாமா?

லென்ஸ் கண்ணீர்ப் படலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. அதனால் உலர்வு உள்ளவருக்குச் சாயங்காலமானால் கண்ணில் ஆடை படிந்தாற்போல மங்கும். அணியும் நேரத்தைக் குறைப்பது, தினமும் தூக்கிப்போடும் வகைக்கு மாறுவது என்று வழிகள் உண்டு. காய்கிறதே என்று குழாய்த் தண்ணீரால் நனைப்பது ஆபத்து. அதிலுள்ள அக்கந்தமீபா என்ற கிருமி கருவிழியைப் புண்ணாக்கும்.

கண்ணாடிப் பவரைப் போக்க லேசரால் செய்யும் லாசிக் ஆபரேஷனில் கருவிழி நரம்புகள் வெட்டப்படுவதால் பல மாதம் உலர்வு இருக்கும், பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் தணியும். முன்பே உலர்வு உள்ளவர் அதைச் சரிசெய்யாமல் போய்ப் படுக்கக் கூடாது. கல்யாணத் தேதியை வைத்துக்கொண்டு அவசரப்படுத்துகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மீன் எண்ணெய் மாத்திரை, முருங்கைக்கீரை இவற்றால் குணமாகுமா?

ஒமேகா 3 பற்றிப் பெரிய நம்பிக்கை இருந்தது. 535 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடம் தினமும் 3,000 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கும் ஆலிவ் எண்ணெய் மாத்திரை எடுத்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மீன் சாப்பிடுங்கள், நல்லதுதான். இதற்காகவென்று விலை கூடிய டப்பாக்கள் வேண்டாம்.

முருங்கைக்கீரையின் கதை வேறு. வைட்டமின் ஏ கடுமையாகக் குறைந்தால் மாலைக்கண்ணும், அதைத் தொடர்ந்து கண் பரப்பு காய்ந்து கருவிழி கரையும் நிலையும் வரும். குழந்தைகளுக்கு 9 மாதத்தில் தொடங்கி 5 வயது வரை அரசு வைட்டமின் ஏ திரவம் கொடுப்பது இதைத் தடுக்கத்தான். ஆனால் நன்றாகச் சாப்பிடும் பெரியவரின் கம்ப்யூட்டர் உலர்வு கீரையால் தீராது.

நந்தியாவட்டைப் பூ, விளக்கெண்ணெய், தாய்ப்பால் விடலாமா?

கண்ணுக்குள் வேண்டாம். காய்ந்த கருவிழியில் நுண்ணிய கீறல்கள் இருக்கும். கிருமி நீக்காத எதை விட்டாலும் அந்தக் கீறல் வழியாகத் தொற்று ஏறிப் புண்ணாகலாம். அப்படி ஆறிய புண் விட்டுச்செல்லும் வெள்ளைத் தழும்பு நிரந்தரப் பார்வையிழப்பு.

இதனால் பார்வை முழுதாகப் போய்விடுமா? எப்போது ஓட வேண்டும்?

சாதாரண உலர்வில் அப்படி ஆகாது. சிகிச்சையில் மங்கல் பெரும்பாலும் விலகும். மருந்து ஒவ்வாமையால் வரும் ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய், கடுமையான சோக்ரென் போன்றவற்றில்தான் கருவிழியில் புண்ணும் தழும்பும் வரும் ஆபத்து.

பின்வருபவை உலர்வு அல்ல, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை: திடீரென்று ஒரு கண்ணில் பார்வை போவது, திரை இறங்குவது போன்ற இருட்டு, மின்னல் வெட்டுகளோடு கரும்புள்ளிகள் கொட்டுவது, தலைவலி வாந்தியோடு விளக்கைச் சுற்றி வானவில் வளையம், வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாத வலி, கருவிழியில் வெள்ளைப் புள்ளி. வயலில் நெல் உமியோ வைக்கோலோ கண்ணில் பட்ட பிறகு சிவந்து மங்கினாலும் அப்படித்தான். பூஞ்சைப் புண் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

டாக்டரிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும், என்ன கேட்க வேண்டும்?

போட்டுக்கொண்டிருக்கும் எல்லாச் சொட்டு மருந்து பாட்டில்களையும், சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கடைசி இரண்டு மூன்று கண்ணாடிச் சீட்டுகள் இருந்தால் அவையும். பவர் தாவித் தாவி வந்திருப்பது அதில் தெரியும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டுப் போங்கள், கிளம்பும் முன் இரண்டு மணிநேரம் சொட்டு விடாமல் இருங்கள், கண்ணுக்கு மை தீட்ட வேண்டாம். எந்த வேலையில், எந்த நேரத்தில் மங்குகிறது, இமைத்தால் தெளிகிறதா என்று சொல்லுங்கள். இமை ஓரத்தில் தாள் துண்டைச் செருகி ஐந்து நிமிடம் வைத்தால் அது ஷிர்மர் சோதனை. கண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் நனைக்கிறது என்று பார்ப்பார்கள், வலிக்காது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எனக்குக் குறைவது நீரா, எண்ணெயா, இரண்டுமா? எந்தச் சொட்டு, ஒத்தடம் வேண்டுமா, கண்ணீர் வடியும் துளையை அடைக்கும் சிறு பிளக் தேவையா என்பதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தே முடிவாகும்.